ஏழு செங்கல் உயரத்தில் ஓர் அப்பா!

ஒரு சின்ன கேள்வி. அட்மிஷன் ஃபாரம், ஸ்காலர்ஷிப் ஃபாரம், பேங்க் ஃபாரம்... எதை எடுத்தாலும் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை நிரப்பும்போது உங்க பேனா ஒரு செகண்ட் தயங்கி நின்னிருக்கா?

என் பேனா நின்னிருக்கு. இன்ஜினீயரிங் முதல் வருஷம் அந்தக் கட்டத்தில் நான் எழுதியது, 'டிரான்ஸ்போர்ட் பிசினஸ்'. முழுப் பொய்யும் இல்லை. அப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. அதுக்கு ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான், மாசா மாசம் டியூ கட்டியவரும் அவர்தான், நடுரோட்டில் பஞ்சரானால் ஜாக்கி போட்டவரும் அவர்தான். ஆனால் 'லாரி டிரைவர்' என்று எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை. 'பிசினஸ்' என்றால் ஹாஸ்டல் பசங்க மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டாங்க பாருங்க!

அந்த வார்த்தையை என்னை மாற்றி எழுத வைத்தது ஒரு பொம்மை லாரி. இருபது வயசுப் பையன் பிளாஸ்டிக் செங்கல் அடுக்கி லாரி கட்டிய கதை இது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கலாம். அப்புறம் கொஞ்சம் கணக்கு வேற வருது!

பிளாக்குகளின் ஊர்

எனக்கு நெய்வேலி. எங்க ஊரே பிளாக்குதான். டவுன்ஷிப்பில் யாரும் யாரையும் 'எந்தத் தெரு?' என்று கேட்க மாட்டார்கள். 'எந்த பிளாக்?' என்றுதான் கேட்பார்கள். அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், குவார்ட்டர்ஸ் வாசலில் பலா மரம்... பள்ளிக்கூட டூர் வந்த மாதிரி இருக்கும். நாங்கள் அதற்குள் இல்லை. அப்பா கம்பெனி ஆள் கிடையாது. எங்கள் வீடு வெளியே, மந்தாரக்குப்பம் பக்கம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு சேர்ந்து கறுப்பாய் ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் கம்பெனி பதிவானது. 1957 மே 20-ம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் வந்தது. இதெல்லாம் நெய்வேலிப் பசங்களுக்குப் பேச்சுப் போட்டியிலேயே மனப்பாடம்!

இன்னொன்றும் எங்களுக்கு மனப்பாடம். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். ராட்டினம் மாதிரி ஒரு பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுற்றச் சுற்ற மண்ணை வெட்டி அள்ளி கன்வேயர் பெல்ட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். பெரிய மெஷினில் ஒரு வாளியே 1,400 லிட்டர் பிடிக்கும். அதாவது, நம்ம வீட்டு மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியைவிடப் பெரிசு. 'எங்கள் ஊர்' என்று டிராயிங் கிளாஸில் படம் வரையச் சொன்னால், பாதிப் பேர் அந்தச் சக்கரத்தைத்தான் வரைவோம்.

2017 பொங்கலுக்கு, டவுன்ஷிப்பில் இருந்த என் பள்ளி நண்பன் வீட்டுக்குப் போனேன். ஹாலில் அதே மெஷின் நின்றுகொண்டிருந்தது, மஞ்சள் கலரில்! டென்மார்க்கின் லெகோ கம்பெனி 2016-ல் வெளியிட்ட பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். மொத்தம் 3,929 துண்டுகள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் வாங்கி வந்தது. சக்கரம் சுத்துது, பெல்ட் ஓடுது. விலையைக் கேட்டேன். எங்க லாரிக்கு ஒரு புது டயர் வாங்கிடலாம்.

ஆளாளுக்கு போட்டோ எடுத்தோம். ராத்திரி வீட்டுக்கு வந்து போனைத் திறந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த செட்டில் மெஷினோடு ஒரு குட்டி லாரியும் உண்டு. மண்ணை வாங்கிக்கொள்ளக் கீழே நிற்கும். நான் எடுத்த பதினெட்டு போட்டோவில் ஒன்றில்கூட அந்த லாரி முழுசாக இல்லை. ஒன்றில் பின்பக்கம், ஒன்றில் ரெண்டு சக்கரம், மற்றதில் அதுகூடக் கிடையாது.

திண்ணையில் அப்பா லாரிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

டயரில் ஆரம்பி!

மூன்றாம் வருஷம். காலேஜ் சிம்போசியத்தில் 'ஒர்க்கிங் மாடல்' போட்டி. உங்க காலேஜிலும் நடந்திருக்கும். சிரிஞ்சில் தண்ணீர் அடைத்துச் செய்த ஹைட்ராலிக் கை நாலு வரும், கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரோபோ ஆறு வரும். நான் சொன்னேன், "லெகோவில் டாரஸ் பண்றேன்." கிளாஸே சிரித்தது.

டாரஸ் தெரியுமில்லையா? அசோக் லேலண்டின் ஒரு மாடல் பெயர்தான் அது. ரிஷப ராசிக்கு ஆங்கிலப் பெயர். ஆனால் நம்ம ஊரில் பத்துச் சக்கர டிப்பர் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அது 'டாரஸ்'தான். முன்னால் ரெண்டு டயர், பின்னால் ரெண்டு அச்சில் ஜோடி ஜோடியாக எட்டு டயர். அப்பாவின் வண்டியும் அதுதான். சாம்பலும் மண்ணும் ஏற்றும். அனல் மின் நிலையத்துச் சாம்பலை செங்கல் போடுற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார். அப்பா செங்கல்லுக்குச் சாம்பல் ஏத்துறார், பையன் செங்கல் வைத்து அப்பாவின் லாரியைக் கட்டுகிறான்!

'இருபது வயசுல பொம்மையா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். 'நல்லா விளையாடு' என்று அர்த்தம் வரும் ரெண்டு டேனிஷ் வார்த்தைகளைச் சேர்த்து 'லெகோ' என்று பெயர் வைத்தார்கள். மேலே குமிழ், அடியில் குழாய் உள்ள இப்போதைய செங்கல்லுக்கு 1958-ல் காப்புரிமை கேட்டார்கள். அந்த வருஷத்துச் செங்கல் இன்றைக்கு வரும் செங்கல்லோடு அப்படியே பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறச் செங்கல் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடிக்கும் மேற்பட்ட விதத்தில் சேர்க்கலாம். 1977-ல் பல்சக்கரம், அச்சு எல்லாம் வைத்த டெக்னிக் செட்டுகள் வந்தன. 1986-ல் நிஜ லாரி மாதிரியே கட்டும் 'மாடல் டீம்' வரிசை வந்தது. இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது இல்லைங்க.

புது செட் வாங்க வசதி இல்லை. நண்பன் பரணில் கிடந்த பழைய பெட்டியைக் கொடுத்தான். மிச்சத்தைச் சென்னை பாரிமுனையில் அலைந்து வாங்கினேன். பழைய காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், லெகோவோடு பொருந்தும் செங்கல்லை வேறு கம்பெனிகளும் செய்கின்றன. விலை குறைவு. ஆனால் அழுத்தும்போது தெரியும். ஒன்று இறுக்கிப் பிடிக்கும், ஒன்று தொளதொளவென்று ஆடும். தொளதொள செங்கல்லை எல்லாம் கண்ணில் படாத இடத்தில், எடை தாங்காத இடத்தில் போட்டேன்.

முதல் பாடம், லாரி கட்டணும்னா கேபினில் ஆரம்பிக்கக் கூடாது. டயரில் ஆரம்பிக்கணும். செங்கல்லை எப்படி வேணும்னாலும் அடுக்கிக்கலாம், டயரைப் பெரிசாக்கவோ சின்னதாக்கவோ முடியாது. கையில் கிடைத்த டயர் எவ்வளவோ, அதுதான் முழு வண்டியின் அளவையும் தீர்மானிக்கும். (2011-ல் மட்டும் லெகோ 30 கோடிக்கு மேல் டயர் செய்து கின்னஸில் இடம் பிடித்தது. எண்ணிக்கையில் உலகத்திலேயே பெரிய டயர் கம்பெனி!)

என்னிடம் ஒரே மாதிரி பத்து டயர் தேறியது. விட்டம் 43 மில்லிமீட்டர். நிஜ லாரி டயர், ஓட்டுநர்கள் 'ஆயிரம் இருபது' என்று சொல்லும் சைஸ், சுமார் 1,050 மில்லிமீட்டர். வகுத்தால் 24-க்குப் பக்கத்தில் வரும். ஆக, 24-ல் ஒரு பங்கு. லாரி அகலம் ரெண்டரை மீட்டர். 24-ஆல் வகுத்தால் 104 மில்லிமீட்டர். லெகோவில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் சரியாக 8 மில்லிமீட்டர். 104-ஐ எட்டால் வகுங்க... பதின்மூணு! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒற்றைப்படை அகலம் என்றால் நடுவில் ஒரு குமிழ் கிடைக்கும். அச்சுத்தண்டை அதன் நேராக ஓட்டலாம்.

ரெண்டாவது பாடம், செங்கல்லைப் படுக்க வைக்கவும் தெரியணும். செங்கல் உயரம் 9.6 மில்லி. மெல்லிய தகடு அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மில்லி. அஞ்சு தகடு அடுக்கினால் 16 மில்லி. ரெண்டு குமிழ் அகலமும் 16 மில்லி. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், நெட்டுக்குத்தாக அடுக்கின சுவர்க்குள்ளே படுக்க வைத்த துண்டு கச்சிதமாக உட்காரும். கேபின் முன்பக்கத்து கிரில்லை அப்படித்தான் செய்தேன். மூணு வாரம். மஞ்சள் கேபின், சாம்பல் நிறத் தொட்டி, நீளம் 40 குமிழ். பெருமையாக மேஜையில் வைத்தேன்.

"டிரைவர் எங்கடா?"

அப்பா ராத்திரி பத்து மணிக்கு வந்தார். கை கால் கழுவிட்டு, லாரியைப் பார்த்தார். தரையில் இறக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார்.

"என்னாடா தம்பி இது? டாரஸா?"

"ஆமாம்ப்பா. நம்ம வண்டி."

தொட்டியைத் தூக்கினார். பின் டோரைத் தொட்டுப் பார்த்தார். "கீல் ஏன்டா கீழ வெச்ச?"

"கதவு திறக்கத்தான்ப்பா."

"கீழ கீல் வெச்சா கதவு கீழ விழும். அது மேலயே மண்ணு கொட்டும். அப்புறம் நீ எப்படி மூடுவ? மேல தொங்கணும்டா. அடியில கொக்கி மட்டும்தான். தொட்டி ஏற ஏறக் கதவு தானா ஆடி நிக்கும், லோடு அது அடியில வழிஞ்சு ஓடும்."

மூணு வருஷம் மெக்கானிக்கல் படித்தவன் பதில் பேசவில்லை.

அடுத்து வண்டியைக் கவிழ்த்தார். பின்னால் ரெண்டு அச்சையும் நான் சேஸில் நேராக இறுக்கிப் பொருத்தியிருந்தேன். ஒரு சாக்பீஸ் துண்டை ஒரு சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பக்கத்துச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

"இப்ப பாரு. முழு எடையும் ஒரு சக்கரத்து மேல. டயர் வெடிச்சிரும். நம்ம வண்டியில பட்டையக் கவுத்துப் போட்டிருக்கும். நடுவுல ஒரு கட்டையில ஆடும். ரெண்டு முனையும் ரெண்டு ஹவுசிங் மேல உக்காரும். ஒரு சக்கரம் மேட்டுல ஏறினா இன்னொண்ணு பள்ளத்துல இறங்கணும். தராசு மாதிரி."

தராசு! 'போகி சஸ்பென்ஷன்' என்று பதினாறு மார்க்குக்குப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அது தராசு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசியாகக் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உள்ளே முழுக்கச் செங்கல். கேபின் உறுதியாக நிற்கணுமே என்று நான்தான் அடைத்து வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாம் சரி. டிரைவர் எங்கடா உக்காருவான்?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அந்த ஃபாரம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயும் லாரி இருந்தது, டிரைவர் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

"ஒரு நாள் வண்டியில வர்றேன்ப்பா, அளவு எடுக்கணும்" என்றேன். அப்பா நம்பவே இல்லை. எட்டாங்கிளாஸுக்கு அப்புறம் நான் அந்த வண்டியில் ஏறினதில்லை.

விடியற்காலை நாலரை. கையில் ஆசாரியிடம் இரவல் வாங்கிய டேப். அப்பா முதலில் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பத்து டயரையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். ஏன் தெரியுமா? ஜோடி டயரில் உள் டயர் காற்று இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிப் பிடித்திருக்கும், பார்த்தால் தெரியாது. கம்பியால் தட்டினால் காற்று உள்ள டயர் 'டங்'னும். இல்லாதது 'தொப்'னும். இருட்டில், காதை வைத்தே செக்கிங்!

சாம்பல் ஏற்றினோம். தொட்டி நிறைந்தது. "சாம்பல்னா தொட்டி சீக்கிரம் நிறையும், எடை அவ்வளவு ஏறாது. மண்ணுன்னா தொட்டி நிறையறதுக்குள்ள எடை தாண்டிரும்" என்றார். அப்போது பத்துச் சக்கர வண்டிக்கு மொத்தம் 25 டன் வரைதான் அனுமதி. 2018 ஜூலையில்தான் மத்திய அரசு அதை இருபத்தெட்டரை டன்னாக்கியது. கண்ணால் பார்க்கிற அளவு வேற, அச்சு தாங்குகிற எடை வேற. பாடப் புத்தகத்தில் 'அடர்த்தி' என்று ஒரு வரியில் இருந்தது அன்றைக்கு எடை மேடையில் நம்பராக எரிந்தது.

லோடு இறக்கும் இடத்தில் அப்பா உடனே தொட்டியைத் தூக்கவில்லை. இறங்கினார். தரையைப் பார்த்தார். மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று பார்த்தார். பக்கத்தில் நின்ற பையனைத் தள்ளிப் போகச் சொன்னார். "தொட்டி ஏறினா பாரம் முழுக்க மேல போயிரும். தரை ஒரு பக்கம் சாஞ்சிருந்தா வண்டி அப்படியே படுத்துக்கும். கம்பி உரசினா சொல்லவே வேணாம்." அப்புறம்தான் ஏறி உட்கார்ந்து பி.டி.ஓ. லிவரைப் போட்டார். இன்ஜின் பவரில் பம்ப் ஓடி, ஜாக்கி மெள்ள மெள்ள எழுந்தது. பின் டோர் தானா ஆடி நின்றது. அடியில் சாம்பல் வழிந்தது. அவர் சொன்ன மாதிரியே.

நான் டேப்பும் நோட்டுமாக எல்லாவற்றையும் அளந்தேன். ஸ்டெப்னி எங்கே தொங்குது, டீசல் டேங்க் எவ்வளவு நீளம், மட்கார்டு எத்தனை, ஏணிப்படி எத்தனை... அப்போதுதான் கண்ணில் பட்டது. டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ஓர் இடத்தில் மட்டும் மஞ்சள் பெயின்ட் இல்லை. தகரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. அப்பா முழங்கை வைக்கும் இடம். ரிவர்ஸ் எடுக்கும்போது, கேட்டில் நிற்கும்போது, தூக்கம் வரும்போது தலையை வெளியே நீட்டும்போது... பத்து வருஷம். அளந்தேன். சுமார் இருபது சென்டிமீட்டர்.

இன்னொன்றும் கவனித்தேன். சாயங்காலம் திரும்பி வரும்போது அவர் ஸ்டீயரிங் மேலே குனிந்து, கண்ணைச் சுருக்கி ரோட்டைப் பார்த்தார். எதிரே வண்டி வந்தால் வேகத்தை ரொம்பக் குறைத்தார். "கண்ணு கூசுதாப்பா?" என்றேன். "வயசாவுதில்ல" என்றார். அதை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. எழுதியிருக்கணும்.

மறுபடியும் முதலிலிருந்து

வண்டியைப் பிரித்தேன். லெகோவில் இருக்கிற பெரிய நிம்மதி அதுதான். தப்பு செய்தால் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், கழற்றினால் போதும்.

பின் டோர் மேலே தொங்கியது. ரெண்டு பின் அச்சுக்கும் இடையே பக்கத்துக்கு ஒரு துளைச் சட்டம், நடுவில் ஒரே ஒரு பின். அவ்வளவுதான் தராசு! சாக்பீஸ் வைத்து ஓட்டினேன். ஒரு சக்கரம் ஏற, பக்கத்துச் சக்கரம் இறங்க, பத்தும் தரையை விடவில்லை. தொட்டியைத் தூக்க ஒரு சின்னக் கைப்பிடி, ஒரு சுருள் பல், ஒரு பல்சக்கரம். சுருள் பல்லின் வசதி என்னவென்றால், கைப்பிடி சுற்றினால் தொட்டி ஏறும். தொட்டியை அழுத்தினால் கைப்பிடி சுற்றாது. பாதியில் விட்டாலும் அப்படியே நிற்கும்.

அப்புறம் கேபின். உள்ளே அடைத்த செங்கல் எல்லாம் வெளியே வந்தது. கூரையை நாலு மூலையிலும் மெல்லிய தூண்கள் தாங்கின. சீட் வந்தது, ஸ்டீயரிங் வந்தது. டிரைவர்? லெகோவின் பொம்மை மனுஷன் நாலு சென்டிமீட்டர்தான். 24-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர்கூட வராது. ஸ்டீயரிங்கே எட்டாது. ஆக, அப்பாவையும் செங்கல்லில்தான் கட்டியாகணும்.

அப்பா உயரம் அஞ்சடி ஆறு அங்குலம், 168 சென்டிமீட்டர். 24-ஆல் வகுத்தால் 70 மில்லிமீட்டர். ஏழு செங்கல், ஒரு தகடு. அவ்வளவுதான் எங்கப்பா. உட்கார்ந்தால் நாலு செங்கல்கூட முழுசாக வரவில்லை. காக்கிக்கு நிறம் கிடைக்காமல் மணல் நிறத்தில் சட்டை போட்டேன். வலது கையை ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். கைக்குக் கீழே, மஞ்சள் கேபினில், ஒரே ஒரு குமிழ் அகலத்துக்குச் சாம்பல் நிறத் துண்டு. இருபது சென்டியை 24-ஆல் வகுத்தால் சரியாக அந்த ஒரு குமிழ்தான் வருகிறது.

சிம்போசியம் அன்று வெளியிலிருந்து வந்த புரொபசர் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் லாரியைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தார். தொட்டியை ஏற்றச் சொன்னார். கதவு ஆடி நின்றது.

"நிறைய ஸ்டூடன்ட்ஸ் இதைக் கீழ கீல் வெச்சுத்தான் செய்வாங்க. நீ எங்கப்பா பார்த்தே?"

"எங்கப்பா சொன்னார் சார்."

"அப்பா என்ன பண்றார்?"

பக்கத்தில் என் கிளாஸ் பசங்க நிற்கிறாங்க. அதே கட்டம். இந்த முறை பேனா இல்லை, வாய்.

"லாரி டிரைவர் சார். இது அவர் வண்டிதான். உள்ள உக்காந்திருக்கார் பாருங்க."

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத் துண்டைக் காட்டி "இது ஏன் கலர் மாறியிருக்கு?" என்றார். சொன்னேன். அதுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். முதல் பரிசு கறுப்புக் கோட்டில் ஓடிய ரோபோவுக்கு. எனக்கு ஒரு சர்ட்டிஃபிகேட். சினிமா மாதிரி கைதட்டல் எல்லாம் கிடையாதுங்க. ஆனால் அன்றைக்கு ஹாஸ்டலில் நாலு பேர் என் ரூமுக்கு வந்தார்கள், லாரியைப் பார்க்க. அதில் ஒருத்தன் ரொம்ப நேரம் இருந்தான். போகும்போது, "எங்கப்பா தறி ஓட்டறார்டா" என்றான். மூணு வருஷமாக அவன் எங்களிடம் சொன்னது 'டெக்ஸ்டைல்ஸ்'.

கடுகு

அடுத்த வருஷம் அப்பாவின் கண்ணை டாக்டரிடம் காட்டினோம். சர்க்கரை விழித்திரையைப் பாதித்திருந்தது. சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைப் பார்த்துக்கொள்ளணும் என்றார் டாக்டர். அப்பா எஃப்.சி.க்கு ஒரு வருஷம்கூடத் தவறாமல் வண்டியைக் காட்டியவர். கண்ணைக் காட்டியதே இல்லை. லேசர் வைத்து மேலும் கெடாமல் நிறுத்தினார்கள். ஆனால் ராத்திரி லாரி ஓட்டும் கண் திரும்பவில்லை.

2019-ல் வண்டியை விற்றோம். அரியலூர்ப் பக்கத்துக்காரர் வாங்கினார். வண்டி தெரு முனை திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. முதலிலேயே உள்ளே போய்விட்டார். மறு வருஷம், 1962-ல் ஓட ஆரம்பித்த நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தையும் மூடினார்கள். நான் படம் வரைந்து வளர்ந்த ஊரில் சில விஷயங்கள் இப்போது போட்டோவில் மட்டும்தான் இருக்கின்றன. போட்டோ எடுத்திருந்தால்.

இப்போது நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த ஃபாரத்திலும் அதே கட்டம் இருந்தது. பேனா நிற்கவில்லை. அப்பா ஒரு டயர் ரீட்ரெடிங் கடையில் பகல் வேளை மட்டும் உட்காருகிறார். டயரைத் தட்டிச் சத்தம் கேட்டுச் சொல்வார். அதுக்குக் கண் வேண்டாமே.

வண்டி போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. வழக்கமாக லாரியைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவது எங்க வீட்டில் பெரிய திருவிழா. அந்த வருஷம் வாசல் காலியாக இருந்தது. அம்மா தையல் மெஷினுக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அப்பா அலமாரியிலிருந்து பொம்மை லாரியை எடுத்து வந்து மனையில் வைத்தார். விரல் நுனியில் துளி சந்தனம், அதுக்கு மேல் குங்குமம்.

நான் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன். பழமும் டயரும் ஒரே உயரம்! அப்பா பழத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் உள்ளங்கையில் நாலு கடுகு.

"இருபத்து நாலால வகுத்தா இவ்வளவுதான்டா வரும்" என்றார்.

முன் சக்கரத்துக்கு ரெண்டு, பின் சக்கரத்துக்கு ரெண்டு. குனிந்து, கண்ணைச் சுருக்கி, தடவித் தடவி ஒவ்வொன்றாக வைத்தார். வண்டியை நான் தள்ளினேன். நசுங்கவில்லை. ஆனால் பத்துச் சக்கரமும் தரையை விடாமல் கடுகு மேல் ஏறி இறங்கின.

உங்களிடம் லெகோ இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. உங்க வீட்டில் தறி இருக்கும், தையல் மெஷின் இருக்கும், தள்ளுவண்டி இருக்கும், இட்லிக் கொப்பரை இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அதை அளந்து பாருங்க. எங்கே தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்க மறந்துடாதீங்க. அங்கேதான் உங்க அப்பாவோ அம்மாவோ கை வைத்திருப்பார்கள்.